உறைக்குள் இருந்த கடுதாசி

மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியறையில், பதினைந்து இருபது பேர் கூடுகிறார்கள். பாதிப் பேர் கையில் பூதக்கண்ணாடி இருக்கும். சிலர் சட்டைப் பையிலிருந்து முனை தட்டையான சிறு இடுக்கியை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். புதிதாக எட்டிப் பார்ப்பவருக்கு இது கடிகாரம் பழுது பார்ப்போரின் மாநாடோ என்று தோன்றக்கூடும். அஞ்சல்தலை சேகரிப்போர் சங்கம் அது. ஏழாண்டுகளாக நானும் அங்கே போய்வருகிறேன். தமிழ் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டிலும் கேட்டுவிட்டார்கள், கல்லூரியிலும் கேட்டுவிட்டார்கள்.

இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்த அறையில் முதலில் கிடைப்பது ஒரு வியப்பு. பேச வருகிறவர் தாம் பேசப்போகும் பொருளைக் கையோடு கொண்டுவருகிறார். பொன்னாடை கிடையாது. 'நேரமின்மை காரணமாக' என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசுகிறவரும் கிடையாது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதான ஒரு காகிதத் துண்டைக் கண்ணாடித் தாளுக்குள் வைத்துச் சுற்றுக்கு விடுவார்கள். அது எல்லார் கையிலும் போய்த் திரும்பும்வரை அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். ஒரு செய்யுளைக் கொடுத்து இப்படி இருபது பேரை நான்கு நிமிடம் மௌனமாக இருக்கவைக்க இருபதாண்டு ஆசிரியப் பணியில் என்னால் முடிந்ததில்லை.

என்னை முதலில் அழைத்தது பேசுவதற்குத்தான். 'அஞ்சல்தலைகளில் தமிழ்ப் புலவர்கள்' என்பது தலைப்பு. திருவள்ளுவருக்கும் பாரதிக்கும் 1960இல் வெளியிட்டார்கள், வ.உ.சி.க்கு 1972இல், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தேரூரில் பிறந்த கவிமணிக்கு 2005இல், உ.வே.சாமிநாதையருக்கு 2006இல். இந்த வரிசையை வைத்துக்கொண்டு, ஓர் அரசு யாரை எப்போது நினைவுகூர்கிறது, பாரதிக்கும் உ.வே.சா.வுக்கும் இடையே ஏன் நாற்பத்தாறு ஆண்டு என்றெல்லாம் பேசினேன். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவருக்குக் கடிதங்கள் எவ்வளவு பெரிய துணையாக இருந்தன, தமக்கு வந்தவற்றை அவர் எவ்வாறு பேணி வைத்தார், அண்மையில் அவை எவ்வாறு நூலாயின என்பதையும் சொன்னேன். கை தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "வள்ளுவர் ஸ்டாம்புல துளை எத்தன டீச்சர்?" என்று கேட்டார். என் குறிப்பில் அது இல்லை. அந்தக் கேள்விதான் என்னை மறுமாதமும் அங்கே வரவழைத்தது.

சொல்லிலிருந்து தொடங்குவது எங்கள் தொழில் வழக்கம். தபால்தலை, அஞ்சல்தலை என்கிறோம். இந்தத் 'தலை' 1840இல் இங்கிலாந்து வெளியிட்ட உலகின் முதல் அஞ்சல்தலையில் இருந்த விக்டோரியா ராணியின் தலை. இந்தியா முழுமைக்குமாக 1854இல் வந்தவற்றிலும் அதே தலைதான். இலங்கைத் தமிழர் 'முத்திரை' என்று சொல்லி ராணியைத் தவிர்த்துவிட்டார்கள். எங்கள் பகுதிக்கு வேறொரு கதை உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள், கடைசி ஏழாண்டு திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். சமஸ்தானத்துக்குத் தனி அஞ்சல் இருந்தது. அதன் பெயரே 'அஞ்சல்'. வெள்ளையர் நடத்தியது 'தபால்'. உள்ளூர்க் கடிதம் அஞ்சலில் போகும், வெளியூர்க் கடிதம் தபாலில் போகும். பிற்காலத்தில் தனித்தமிழ் ஆர்வத்தால் தமிழ்நாடு முழுவதும் 'அஞ்சல்' பரவியபோது, எங்கள் வீட்டுக் கிழவிகளுக்கு அது புதுச்சொல்லாக இருக்கவில்லை. திருவிதாங்கூர் 1888இல் வெளியிட்ட முதல் அஞ்சல்தலையில் தலையே இல்லை, சங்கு இருந்தது. ஆக, எங்களுடையது தலையில்லாத தபால்தலை. இந்தச் சிலேடையைச் சங்கத்தில் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அதன் நீர்க்குறி எது என்று விவாதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

உரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், 1949இல் திருவிதாங்கூர்ச் சக்கரக் கணக்கை இந்திய அணாக் கணக்காக மாற்றி மேலச்சிட்டபோது நேர்ந்த எழுத்துப் பிழைகளைப் பற்றி மூன்று மாதம் தொடர்ந்து பேசினார். மூன்றாவது மாதம் தேநீர் முன்னதாகவே வந்தது. மருத்துவர் ஒருவர் 1911 பிப்ரவரி 18ஆம் நாள் அலகாபாத்தில் நடந்ததைச் சொன்னார். ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களுடன் யமுனையைத் தாண்டி நைனிக்குப் பறந்தார். உலகின் முதல் அதிகாரபூர்வ வான் அஞ்சல் அதுதான். மருத்துவரிடம் அந்த உறை இல்லை. அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் இருந்த ஏக்கத்தை நான் சில பெண்பார்க்கும் படலங்களில்தான் கேட்டிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பேசியதை மறக்க முடியவில்லை. 1971இல் வங்கதேச அகதிகளுக்காக ஒவ்வொரு கடிதத்துக்கும் ஐந்து பைசா கூடுதலாக ஒட்ட வேண்டுமென்று அரசு விதித்தது. அதற்குத் தனி அஞ்சல்தலை அச்சாகி வரும்வரை, குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் இருந்த ஐந்து பைசாத் தலைமீதே 'அகதிகள் நிவாரணம்' என்று மேலச்சிட்டார்கள். அது போய்ச் சேராத ஊர்களில் ரப்பர் முத்திரையால் குத்திக்கொண்டார்கள். பையன் அப்படிப்பட்ட ஒன்றைக் காட்டி, "கல்யாணப் பத்திரிகை அனுப்பினவங்களும் அஞ்சு பைசா குடுத்திருக்காங்க, காதல் கடிதம் அனுப்பினவங்களும் குடுத்திருக்காங்க" என்றான். வந்திருந்த பாதிரியார் எழுந்து அவனைத் தோளில் தட்டினார். 1973 மார்ச் வரை அந்த ஐந்து பைசா நீடித்தது என்று அவன் முடித்தான்.

ஆனால் அந்த அறையில் நான் யாருடைய மாணவி என்று கேட்டால், ரயில்வே அஞ்சல் பிரிப்பில் முப்பத்தைந்தாண்டு ஓடும் வண்டியில் நின்றுகொண்டு வேலை பார்த்த ஒருவரைச் சொல்வேன். அவர் அஞ்சல்தலையே சேகரிப்பதில்லை, முத்திரைகளைச் சேகரிக்கிறார். "படம் நாசிக்ல அச்சடிக்கது டீச்சர். முத்திரைய ஒரு மனுஷன் கையால குத்துகான். அன்னைக்கு அவனுக்குக் கைவலியான்னு கூட இதுல தெரியும்" என்பார். சிறுவயதில் நாங்களெல்லாம் உறையின் மூலையைக் கத்தரித்து வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, தலை பிரிந்து வந்ததும் செய்தித்தாளில் கவிழ்த்துக் காயவைத்து, கோனார் உரைக்குள் வைத்து அழுத்துவோம். (கோனார் உரை எனக்கு முதலில் பயன்பட்டது அப்படித்தான்.) அவருக்கு அது கொலைக்குச் சமம். எங்கிருந்து எங்கே, எந்த நாளில், எந்த வழியாக என்பதெல்லாம் உறையில்தான் இருக்கிறது. கத்தரித்துவிட்டால் மிஞ்சுவது படம் என்பார். பாடவேறுபாடுகளைப் பற்றி ஒரு பருவம் முழுக்க வகுப்பெடுக்கிற எனக்கு இது உடனே பிடிபட்டது. எச்சச் செய்யுளை மட்டும் வைத்துக்கொண்டு நூல் எங்கே என்று தேடுகிறவர்களல்லவா நாம்.

உரை முடிந்தால் தேநீர், ரசவடை. அப்போதுதான் உண்மையான கூட்டம் நடக்கிறது. 'உங்களிடம் இரண்டு, என்னிடம் இல்லை' என்ற பண்டமாற்று. வீட்டுக்கு வாருங்கள், ஆல்பம் காட்டுகிறேன் என்ற அழைப்பு. எங்கள் மாவட்டத்தில் யார் வீட்டுக்கு யார் போவார்கள் என்பது பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடும் காரியம். ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சங்கத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார், வலைக்கடைக்காரர் இருக்கிறார், பாதிரியார், பொற்கொல்லர், அரசுப் பேருந்து நடத்துநராயிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். பெண்கள் நானும் ஒரு செவிலியரும். இவர்கள் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்து ஆல்பம் புரட்டுவதற்கு இந்தக் காகிதத் துண்டுகளைத் தவிர வேறு முகாந்திரம் இருந்திருக்காது. அதற்காக இதைச் சமத்துவபுரம் என்று சொல்லிவிட மாட்டேன். அங்கேயும் ஒரு பொருளைப் பற்றி யார் பேசலாம் என்ற கணக்கு இருந்தது. அதை நான் பார்த்தது மூன்றாண்டுக்கு முன் ஒரு நவம்பர் மாதக் கூட்டத்தில்.

அன்று தலைமையாசிரியர் பேசினார். பொருள், ஆலயப் பிரவேச அஞ்சல்தலைகள். 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள், சமஸ்தானத்துக் கோயில்கள் இந்துக்கள் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டன என்று பிரகடனம் செய்தார். அடுத்த ஆண்டு அதன் நினைவாக நான்கு அஞ்சல்தலைகள் வெளிவந்தன: ஆறு காசு, பன்னிரண்டு காசு, ஒன்றரைச் சக்கரம், மூன்று சக்கரம். மன்னரின் முகமும் கோயிலும் கொண்டவை. தலைமையாசிரியர் நான்கையும் சுற்றுக்கு விட்டார். துளை பன்னிரண்டா பன்னிரண்டரையா, இரண்டும் கலந்ததா என்று நாற்பது நிமிடம் விளக்கினார். அவரைக் குறைசொல்ல வரவில்லை. ஓர் அச்சுக்கும் மறு அச்சுக்கும், அசலுக்கும் போலிக்கும் வேறுபாடு காண உதவுவது துளைதான். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில், 1936க்கு முன் யார் உள்ளே போக முடியாமல் இருந்தார்கள் என்ற ஒரு வரி வரவில்லை. வைக்கம் வரவில்லை. எங்கள் அறையிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் இருக்கும் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகவே 1926இலும் 1930இலும் சத்தியாகிரகம் நடந்ததும் வரவில்லை.

நடத்துநர் சங்கத்துக்கு வந்து பத்தாண்டுக்கு மேல் இருக்கும். கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை. அன்று மூன்று சக்கரத் தலை தம் கைக்கு வந்தபோது அதை அடுத்தவருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு எழுந்தார். "எங்க பாட்டா பனையேறி. தொறந்தாச்சுன்னு சொன்ன மறுமாசம் எங்கப்பாவக் கூட்டிக்கிட்டு சுசீந்திரத்துக்குப் போயிருக்காரு. அப்பாவுக்கு அன்னைக்கு எட்டு வயசு. பாட்டா கோபுர வாசல்லயே நின்னுட்டாராம். நீ போயிப் பாத்துட்டு வா மக்கா, எனக்கு இங்கருந்தே தெரியுதுன்னாராம். அம்பது வருசம் அவருக்கு அங்கருந்துதான தெரிஞ்சிருக்கு" என்றார். பிறகு தலையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லவேளையாக யாரும் நன்றியுரை ஆற்றவில்லை.

அடுத்த மாதம் நடத்துநர் ஓர் உறையைக் கொண்டுவந்தார். பாட்டாவின் தம்பி பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பீர்மேடும் திருவிதாங்கூர் என்பதால் கடிதம் அஞ்சலில் வந்திருக்கிறது. உறைமேல் அதே நான்கில் ஒன்று, தெளிவான முத்திரையுடன். உள்ளே கடுதாசியும் இருந்தது. எனக்கு எழுத்து பழக்கம் என்பதால் படித்துக் காட்டச் சொன்னார்கள். யாரோ கணக்கப்பிள்ளை எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். புள்ளி கிடையாது, வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி கிடையாது, மேலே கொல்லம் 1113 மாசி. அதாவது 1938இன் தொடக்கம். அண்ணனுக்கு எழுதுவது. பாட்டத் தொகை அடைத்தாயிற்றா, வெள்ளாடு ஈன்றதா, இங்கே குளிர், கம்பளி வாங்க முன்பணம் கேட்டிருக்கிறேன், ஐந்து ரூபாய் ஆள்வசம் கொடுத்தனுப்புகிறேன், வைத்தியருக்குக் கொடு. இவ்வளவுதான். ஒட்டியிருக்கும் தலையில் ராஜாவும் கோயிலும். கடிதத்தில் கோயில் என்ற சொல்லே இல்லை. இரண்டு முறை தேடினேன். வரலாற்று நாவல் எழுதுகிற நண்பர் எவரேனும் இந்தக் கடிதத்தைக் கற்பனை செய்திருந்தால் ஒரு வரியாவது கோயிலைப் பற்றிச் சேர்த்திருப்பார், நானும் சேர்த்திருப்பேன். எழுதியவருக்கு அன்று ஆடும் கம்பளியும் இருந்தன.

செய்தி பரவி, திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வணிகர் வந்தார். அவர் சொன்ன விலை நடத்துநரின் ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல். கடிதம் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருந்தால் உறை உப்பிக்கொள்ளும் என்றார். நேர்மையான வணிகர்தான், சந்தையில் விலை உறைக்கு. அந்த ஆண்டு நடத்துநரின் பேத்தி செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தாள். தேநீர் நேரத்தில் பேச்சு இதுவாகவே இருந்தது. பொற்கொல்லர் கொடுத்துவிடலாம் என்றார். அஞ்சல் பிரிப்பாளர், பிரித்தால் இரண்டும் அனாதை என்றார். "டீச்சர் என்ன சொல்லுதீங்க?" என்று நடத்துநர் என்னைக் கேட்டார். மாதச் சம்பளம் வாங்குகிறவள், பிரிக்காதீர்கள், இது வரலாறு என்று சொல்வது எளிது. பணம் கட்ட வேண்டியவர் அவர். எழுத்துக்கு எழுத்து ஒரு படி எடுத்துத் தருகிறேன், பிறகு உங்கள் விருப்பம் என்றேன். எடுத்தும் கொடுத்தேன். ஐந்து பக்கக் குறிப்புகளுடன். அது என் தொழில் நோய்.

டிசம்பரில் எங்கள் ஆண்டுக் கூடுகை. குடும்பத்தோடு வருவார்கள். முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் வறுவலும் வாளி வாளியாக வரும். குழந்தைகளுக்கு விநாடி வினா. கடைசியில் ஏலம். உறுப்பினர்கள் தங்களிடம் மிகுதியாக உள்ளதைக் கொண்டுவந்து வைப்பார்கள். பெரும்பாலும் இருபது முப்பது ரூபாய்ச் சமாச்சாரம். அவ்வாண்டு நடத்துநர் ஒரு கட்டு முதல்நாள் உறைகளை வைத்திருந்தார். எல்லாரிடமும் இருக்கிறவை, சிலவற்றில் கறையும் இருந்தது. முதல் உறையை எடுத்ததும் தலைமையாசிரியர் இருநூறு என்றார். ஏலம் விடுகிறவர் தவறாகக் கேட்டதாக நினைத்து மறுபடி கேட்டார். வலைக்கடைக்காரர் முந்நூறு என்றார். பாதிரியார் நானூறு. மருத்துவர் எழுந்து நின்றே கேட்டார். அந்தக் கட்டு போன விலையை இங்கே எழுத விரும்பவில்லை. அன்றும் பிறகும் யாரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை, நடத்துநரும் பேசவில்லை. மறுமாதம் வணிகருக்கு வேண்டாமென்று எழுதிப் போட்டதாக மட்டும் சொன்னார். எழுதிப் போட்டது அஞ்சலட்டையில். அந்த மனிதர் கைப்பேசியில் சொல்லியிருக்கலாம்.

பிறகு அந்த உறை ஒரு கண்காட்சிக்குப் போயிற்று. எந்த ஊர் என்பது வேண்டாம். இத்தகைய கண்காட்சிகளில் ஒரு சட்டகத்துக்குப் பதினாறு தாள். அரிதா, நிலைமை எப்படி, சேகரித்தவரின் அறிவு எவ்வளவு, அடுக்கியது எப்படி என்று பிரித்துப் பிரித்து மதிப்பெண் இடுவார்கள். அஞ்சலோடு தொடர்பில்லாதவற்றைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்பது வழக்கம். நடத்துநர் ஒன்பதாம் தாளில் உறையையும் பத்தாம் தாளில் கடிதத்தையும் அதற்கு எதிரே நான் எடுத்த படியையும் வைத்தார். மதிப்பெண் குறையும் என்று தலைமையாசிரியரே முன்கூட்டிச் சொன்னார். "கொறையட்டும் சார்" என்றார் இவர். குறைந்தது. வெள்ளி வந்திருக்க வேண்டியதற்கு வெண்கலம் வந்தது. அஞ்சலில் வந்த கடிதம் அஞ்சலோடு தொடர்பில்லாத பொருள் என்று ஒரு மன்றம் முடிவு செய்யும் விந்தையைப் பற்றி நான் அங்கே கொஞ்சம் உரக்கவே பேசினேன். நடுவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, இது இலக்கியப் போட்டி இல்லையே அம்மா என்றார்.

கடைசி நாள் மாலை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார்கள். நான் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது அந்தச் சட்டகத்தின் முன் முப்பது நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். நடுவில் தலைமையாசிரியர். நடத்துநர் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியர் கடிதத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். பாட்டம் என்றால் என்ன, திருவிதாங்கூர் ரூபாய்க்கு எத்தனை சக்கரம், இந்தக் கடிதம் வந்து சேர்ந்த வீட்டுக்காரர் இரண்டு வருடம் முன்புவரை எந்தத் தெருவில் நடக்க முடியாது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு சிறுமி, பிறகு அந்த ஆடு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவர் நடத்துநரைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு குட்டி" என்றார் நடத்துநர், அப்பா சொல்லிக் கேட்டதாக. தலைமையாசிரியர் அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, ஒன்பதாம் தாளுக்கு நகர்ந்து, துளை பன்னிரண்டரை என்பதையும் மறக்காமல் சொன்னார்.